என் தங்கை சேர்த்த கட்டைவிரல் ரேகைகள்

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாலு வயதில் வந்த காய்ச்சலை ஜெயித்தாள். டாக்டர் எங்கள் அம்மாவை மட்டும் தனியாக வெளியே கூப்பிட்டுப் பேசிய காய்ச்சல் அது. வலது காது மட்டும் அதோடு போயிற்று. வானொலிக்காரர்கள் நடத்திய வசனப் போட்டியில் கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரையும் ஜெயித்தாள். பரிசாக வந்த மேசை விசிறி இன்றும் என் தையல் கடையில் சுற்றுகிறது. எங்கள் அப்பாவின் பேசா விரதத்தை ஜெயித்து, சினிமா தியேட்டர் ஆபரேட்டரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாமல் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை வாங்கி, மடிப்பு மேசைக்கே தலைவியானாள். பதினேழு நடிகர் நடிகைகளின் கட்டைவிரல் ரேகையை, அவர்களே சிரித்த முகத்தோடு வைக்க, அட்டையில் வாங்கினாள். சரியாகச் சொன்னால் பதினாறு கட்டைவிரல், ஒரு சுண்டுவிரல்.

இதில் எதையும் அவள் வாயால் சொல்லமாட்டாள். அதனால் அக்காவாகிய நான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். துணி வெட்டுவது என் தொழில். தப்பாக வெட்டினால் ஒட்ட முடியாது என்பதால் எதையும் அளந்து செய்துதான் பழக்கம்.

எழுத்து அவளுக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் உட்கார்ந்து பார்த்தாள். பலகையில் இருக்கிற எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்ந்து ஊர்ந்து இடம் மாறுகின்றன என்பாள். டீச்சர், "இவளுக்குச் சோம்பல்" என்றார். சோம்பல் அல்ல. ஒரு படத்தை ஒரு முறை கேட்டால் போதும், வீட்டுக்கு வந்து எல்லோர் குரலிலும் திருப்பிச் சொல்லுவாள். கதாநாயகன் இருமிய இடத்தில் இருமுவாள்.

சலவைக்கூடத்தில் சேர்ந்தபோது, விரிப்புகளில் எந்த வார்டு என்று மையால் எழுதியிருந்தார்கள். அவள் முதல் வாரமே வீட்டிலிருந்து நூல் கொண்டுபோய் மூலைகளில் தையல் போட்டுவிட்டாள். பிரசவ வார்டுக்கு மஞ்சள், ஆபரேஷன் வார்டுக்குச் சிவப்பு, குழந்தைகள் வார்டுக்கு நீலம். இரண்டு துவைப்பில் மை அழிந்தது, தையல் அழியவில்லை. இப்போது அங்கே எல்லோரும் நூலைப் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள்.

சம்பளத்துக்கு அவள் விரலைத்தான் உருட்டுவாள். அங்கிருந்துதான் இந்த ரேகைப் பைத்தியம் பிடித்தது. பக்கத்தில் எங்கோ படப்பிடிப்பில் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு ஒரு பெரிய கதாநாயகன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். நர்சுகள் எல்லோரும் பேனாவும் தாளுமாக ஓடினார்கள். இவள் புது விரிப்பை அவன் படுக்கையில் போட்டுவிட்டு, இடுப்புப் பையிலிருந்து மைப்பெட்டியையும் ஒரு வெள்ளை அட்டையையும் எடுத்து நீட்டினாள்.

"என்னம்மா இது? கையெழுத்து போதாதா?"

"கையெழுத்த உங்க உதவியாளரே போட்டுடுவார் சார். ரேகைய அவரால போட முடியாது."

அவன் சிரித்துவிட்டானாம். "சொத்து எதையும் எழுதி வாங்கிடலையே?"

"எழுதினாலும் எனக்குப் படிக்க வராது சார். தைரியமா வைங்க."

நல்ல கையின் கட்டைவிரலை வைத்தான். இவள் ஈரத்துணியால் அவன் விரலைத் துடைத்தும் விட்டாள். நர்சுகளின் தாள்கள் இன்று எங்கே இருக்கின்றன என்று அவர்களுக்கே தெரியாது. இவளுடைய அட்டை பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது.

சுண்டுவிரல் ஒரு நடிகையுடையது. "கட்டைவிரல் நாளைக்கு குளோசப்ல வருதும்மா, மை போகாது. இதை எடுத்துக்கோ, இதுக்கு இதுவரைக்கும் எந்த டைரக்டரும் வேலை குடுக்கல" என்றாளாம்.

மாப்பிள்ளை அவளுக்கு ஏற்ற ஆள். தியேட்டர் மாடியில் மெஷின் ரூமில் இருப்பார். கல்யாணமான புதிதில் இவள் அதே தியேட்டரில் கூட்டிப் பெருக்கும் வேலையில் இருந்தாள். காட்சி தொடங்குவதற்கு முன் காலித் தியேட்டரில், விளம்பரம் போடுகிற கண்ணாடித் துண்டில் அவள் பெயரை எழுதித் திரையில் போடுவார். ஆளைவிட உயரமான எழுத்துகள். இவள் மேடையில் ஏறி, எட்டாத இடத்துக்குத் துடைப்பக் கட்டையை நீட்டி, எழுத்தின் கோட்டைத் தடவியபடியே நடந்து நடந்து வருவாள். அவ்வளவு பெரிய எழுத்து ஊர்ந்து ஓடவில்லை. நாலு எழுத்து. அது அவள் கைக்கும் காலுக்கும் பதிந்துவிட்டது. ஆனால் பேனாவைக் கொடுத்தால் எறும்பு மறுபடி வந்துவிடும்.

"பேப்பர்ல வரலையே" என்று இவள் மூக்கைச் சிந்தியபோது மாப்பிள்ளை சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "உன் பேரு சரியான அளவுலதான் இருக்கு. பேப்பருதான் சின்னதாப் போச்சு."

படம் பற்றிய அவள் அபிப்பிராயத்துக்கு ஆஸ்பத்திரியில் தனி மதிப்பு. வெள்ளிக்கிழமை மாலைக் காட்சி பார்ப்பாள். சனிக்கிழமை காலை மடிப்பு மேசையில் தீர்ப்பு. விரிப்பின் இரு முனைகளை அவள் பிடிப்பாள், எதிரே இஸ்திரிக்காரர் பிடிப்பார். விரிப்பு மடிந்து முடிவதற்குள் படம் முடிந்துவிடும்.

"அண்ணன் தம்பி ரெட்டை வேஷம். ஒருத்தனுக்கு மீசை, ஒருத்தனுக்கு இல்ல. பெத்த அம்மாவுக்கே அடையாளம் தெரியலையாம். அம்மாவுக்குக் கண்ணாடி வாங்கிக் குடுத்திருந்தா இடைவேளைக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்திருக்கலாம்."

"பேய்ப் படம் எப்படி?"

"பேய் நல்லா நடிச்சிருக்கு. மத்தவங்கதான் பேயறைஞ்ச மாதிரி நின்னாங்க."

"அந்த வெட்டுக்குத்துப் படம்?"

"ஊரே ரத்தம். கடைசியில கதாநாயகி அதே வெள்ளைச் சேலையில பாட்டுக்கு வர்றா. எந்த சோப்புன்னு சொன்னா நமக்கு வேலை மிச்சம்."

"அப்ப போகலாமா வேணாமா, அதச் சொல்லு."

"விசிறிக்குக் கீழ சீட்டு கிடைச்சா போ."

இஸ்திரிக்காரர் அவளை 'ரேகை' என்றுதான் கூப்பிடுவார். "ரேகை பாத்துச் சொல்றவ, ஆனா நமக்கு இல்ல, படத்துக்கு மட்டும்" என்பார்.

பதினேழு அட்டைகளில் ஒன்றைப் பற்றி மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டும்.

ஒரு படத்தின் வெற்றியைக் கொண்டாட நடிகர்கள் தியேட்டருக்கு வந்திருந்தார்கள். கீழே ஒரே கூச்சல். அப்போது மெஷின் ரூம் கதவை ஒருவர் தட்டினார். எல்லாப் படத்திலும் அடியாளாகவோ காவல்காரராகவோ வருவாரே, அந்த மாதிரி ஒரு துணை நடிகர். ஆள் மலை மாதிரி. குரல் மட்டும் பள்ளிக்கூடப் பையன் குரல்.

"தம்பி, என் சீன் இருக்கா? வெட்டிட்டாங்களா?"

"இருக்கு சார். இடைவேளை முடிஞ்சு ரெண்டாவது ரீல்" என்றார் மாப்பிள்ளை.

மெஷின் வெளிச்சம் போகும் சுவர் ஓட்டை வழியாக அவர் தன் சீனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று இவளும் மாப்பிள்ளைக்குச் சாப்பாடு கொண்டு மேலே வந்திருந்தாள். சீன் முடிந்ததும் மைப்பெட்டியை நீட்டினாள். அவர் விரலை வைத்துவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"நீயும் வைப்பா. தனியா வந்தா நான் அடிதான் வாங்குவேன். துணைக்கு ஆள் வேணும்."

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே தன் விரலையும் வைத்தார். சின்ன அட்டை. அவர் ரேகையின் விளிம்பில் இவர் ரேகை ஏறிவிட்டது. கையெழுத்துப் போடத் தெரிந்த மனிதர் மாப்பிள்ளை. அவர் ரேகை வைத்தது அந்த ஒரு முறைதான்.

போன மார்ச்சில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெஷின் ரூம் படியில் உட்கார்ந்தார். இவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனோம். அவரைக் கிடத்திய விரிப்பின் மூலையில் சிவப்பு நூல் இருந்தது. அதைப் பார்த்ததும் இவள், "இது நேத்து நான் மடிச்சது" என்றாள். மறுநாள் காலை எல்லாம் முடிந்துவிட்டது.

அவரை எடுத்துப்போக விரல் வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். தாளில் ஒரு கறுப்பு வட்டம்தான் விழுந்தது. ஒரு கோடும் இல்லை.

"நல்லா அழுத்துங்கம்மா."

"அழுத்தித்தான் வச்சேன்."

மறுபடியும் அதே வட்டம். இத்தனை வருடம் சுடுதண்ணீரிலும் பிளீச்சிங் பவுடரிலும் கிடந்த விரல். ரேகை தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. கொஞ்ச நாளாகச் சம்பளத் தாளிலும் அப்படித்தான் விழுந்ததாம். அங்கே அவளைத் தெரியும், யாரும் கேட்கவில்லை. கடைசியில் நான் அக்கா என்று கையெழுத்துப் போட்டேன். அவள் கட்டைவிரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது வேறு யாருடைய விரலோ என்பது போலப் பார்த்தாள்.

"விரல் இருக்கு. ஆளு இல்ல" என்றாள்.

அன்று அவள் அழவில்லை. பிறகும் அழவில்லை. என் கடையின் பின்னறைக்கு அவளைக் கூட்டிவந்தேன். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், துணி வெட்ட அளவு வரையும் என் மாதிரித் தாள் சுருள்கள், அவள் பிஸ்கட் டப்பா. வேலைக்குப் போனாள், வந்தாள். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். தலைவாரச் சொன்னால் வாரினாள். வெள்ளிக்கிழமை தவறாமல் படத்துக்கும் போனாள். அதே தியேட்டர், அதே வரிசை. நானும் இரண்டு முறை கூடப் போனேன். தியேட்டரே குலுங்கிச் சிரிக்கும்போது இவள் முகம் மடித்த விரிப்பு மாதிரி இருக்கும். இடையில் ஒரு முறை திரும்பி மாடி ஓட்டையைப் பார்ப்பாள். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை இஸ்திரிக்காரர் கேட்பார். "என்ன ரேகை, படம் எப்படி?"

"ஓடுச்சு."

"நல்லா இருக்கா?"

"ஓடுச்சுண்ணே."

கொஞ்ச நாளில் அவரும் கேட்பதை விட்டுவிட்டார். விரிப்புகள் பேச்சில்லாமல் மடிந்தன. ஒரு நாள் கடைக்கு வந்து என்னிடம் சொன்னார். "மொக்கைப் படம்னு திட்டவாவது சொல்லுங்க. இது தாங்கல."

வீட்டில் அவள் செய்த ஒரே காரியம், வேலையிலிருந்து வந்ததும் டப்பாவைத் திறந்து அந்த ஒரு அட்டையை எடுத்துப் பார்ப்பதுதான். தொடமாட்டாள். மடியில் வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிடுவாள். மாப்பிள்ளையின் சட்டைகளை என்னைத் தைத்து மாற்றச் சொல்லி இஸ்திரிக்காரருக்குக் கொடுத்துவிட்டாள். செருப்பை யாருக்கோ கொடுத்தாள். அட்டை மட்டும்தான் மிச்சம்.

இந்த நிலையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், அவள் வேலை முடிந்து வந்து படத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் கடை வாசலில் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். அலுவலகப் பை தோளில். அளவு கொடுக்க வந்தவள் என்று நான் நாடாவை எடுத்தேன்.

"இங்க நடிகருங்ககிட்ட ரேகை வாங்குறவங்க இருக்காங்களாமே? தியேட்டர்ல விசாரிச்சு, சலவைக்கூடத்துல கேட்டேன், இங்க அனுப்பினாங்க."

அந்தத் துணை நடிகரின் மகள் அவள். அவர் இறந்து மூன்று மாதமாகிறதாம். பின்னறைக்குக் கூட்டிப்போனேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். என் தங்கை, "உக்காரும்மா" என்று அவள் உட்கார்ந்தபிறகு சொன்னாள்.

"அப்பா அடிக்கடி சொல்வார். ஒரு அம்மா மட்டும் என்கிட்ட கையெழுத்து கேக்கல, விரலைக் கேட்டாங்கன்னு. அது இன்னும் இருக்கா?"

தங்கை டப்பாவைத் திறந்து அட்டையை எடுத்தாள். அந்தப் பெண்ணின் கையில் வைத்தாள்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். "அப்பா நூறு படத்துக்கு மேல நடிச்சார். ஒரு படத்துலயும் அவர் குரல் இல்ல. இந்த உடம்புக்கு இந்தக் குரல் பொருந்தாதுன்னு வேற ஒருத்தரைப் பேச வச்சுட்டாங்க. முடி ஒட்டுமுடி. மீசை ஒட்டு மீசை. டி.வி.யில போட்டா நாங்க பாக்குறோம், ஆனா அதுல அப்பா எங்க இருக்காருன்னு தேட வேண்டியிருக்கு." விரலால் அட்டையைத் தொடாமல் காட்டினாள். "இது மட்டும்தான் ஒட்டாதது."

பிறகு கேட்டாள். "பக்கத்துல இது யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"அவரு...?"

"இல்ல."

அந்தப் பெண் அட்டையைத் திருப்பி நீட்டினாள். கேட்க வந்ததை அவள் கேட்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது. கத்தரிக்கோல் பழகிய புத்தி, நான்கூட ஒரு கணம் அந்த விளிம்பைப் பார்த்தேன். இரண்டு ரேகையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன. எங்கே வெட்டினாலும் யாராவது ஒருவர் குறைவார்.

"நான் போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கறேன். அது போதும்" என்றாள். எடுத்தாள். போனில் பார்த்தாள். போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

நான் டீ போடப் போனேன். திரும்பி வந்தபோது என் தங்கை பேசிக்கொண்டிருந்தாள். மார்ச்சுக்குப் பிறகு அவள் வாயில் இத்தனை வார்த்தைகளை நான் கேட்டதில்லை. குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. விலாசம் சொல்வது மாதிரிச் சொன்னாள்.

"கடைசியா வந்த படம் பாத்தேன்மா. படம் சுமார். கதாநாயகன் எல்லாத்தையும் ரெண்டு தடவை சொல்றான், நமக்குப் புரியாதுன்னு. உங்கப்பா அதுல பங்களா காவல்காரர். ஒரே சீன். கதவைத் திறந்து விடணும். வசனம் இல்ல. திறக்குறதுக்கு முன்னாடி செருப்பைக் கழட்டி ஓரமா வச்சுட்டு, வெறுங்காலோட உள்ள வந்து திறந்தார். அந்த வீட்டுல ரொம்ப வருஷமா இருக்குற ஆளுன்னு அதுல தெரிஞ்சுது. டைரக்டர் சொல்லிக் குடுத்திருக்க மாட்டார். சொல்லிக் குடுத்திருந்தா செருப்புக்கு ஒரு குளோசப் வச்சிருப்பார்."

அந்தப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "வீட்டுலயும் அப்படித்தான் கழட்டுவார். ஓரமா. ஜோடி சேத்து."

"அப்ப அங்கதான் இருக்கார். தேட வேண்டாம்."

அழுகை அடங்கும்வரை என் தங்கை காத்திருந்தாள். அவள் கண் காய்ந்துதான் இருந்தது. பிறகு அட்டையை எடுத்து அந்தப் பெண்ணின் பைமேல் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போம்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏய், உனக்கு வேற என்னடி இருக்கு? இது ஒண்ணுதானே!"

"ஆமா."

"வேண்டாங்க. உங்க வீட்டுக்காரரும் இதுல இருக்காரு" என்று அந்தப் பெண்ணும் கையை இழுத்துக்கொண்டாள்.

"உங்கப்பாவைத் தனியா அனுப்பினா அடி வாங்குவார். துணைக்கு இவரும் போகட்டும்" என்றாள் என் தங்கை. சிரிக்கவில்லை. ஆனால் அதைச் சொன்னபோது அந்த மனிதரின் சின்னக் குரலிலேயே சொன்னாள். அந்தப் பெண் அதிர்ந்து நிமிர்ந்து பார்த்தாள். எந்தப் படத்திலும் இல்லாத அந்தக் குரல் என் பின்னறையில் கேட்டது.

"இன்னொரு தடவை சொல்றீங்களா?"

சொன்னாள்.

டீ ஆறிவிட்டது. அட்டையைப் பையில் வைக்குமுன் அந்தப் பெண் தயங்கினாள். "பின்னாடி நீங்களும் ரேகை வைங்க. யார் குடுத்தாங்கன்னு என் பிள்ளைங்களுக்குத் தெரியணும்."

மைப்பெட்டி வந்தது. என் தங்கை முதலில் ஒரு பழைய தாளில் விரலை வைத்துப் பார்த்தாள். கறுப்பு வட்டம். துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். கறுப்பு வட்டம். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இது யாரா வேணாலும் இருக்கலாம்" என்றாள் தங்கை. பிறகு என்னிடம் கேட்டாள். "அக்கா, உன் மாதிரித் தாள்ல பெருசா ஒண்ணு வேணும்."

சுருளிலிருந்து ஆளுயரத்துக்கு வெட்டி, கட்டிலை ஒதுக்கி, சுவரில் ஊசி குத்தி மாட்டினேன். துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியைக் கொடுத்தேன். அவள் கையை முழுசாக நீட்டி, சுவரோரமாக நடந்தபடியே தன் பெயரை எழுதினாள். நாலு எழுத்தும் நின்றன. ஊரவில்லை. காலித் தியேட்டரில் நடந்த அதே நடை.

பெரிய ஆளின் அளவைக் குழந்தை அளவுக்குக் குறைப்பது என் தொழில். ஒரேயடியாகக் குறைத்தால் தோள் கெட்டுப்போகும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அதையே சொன்னேன். இன்னொரு தாளைப் பாதியாக மடித்துக் கொடுத்தேன். தோளிலிருந்து எழுதினாள். அதையும் பாதியாக மடித்தேன். முழங்கையிலிருந்து எழுதினாள். மறுபடி மடித்தேன். மூன்றாவது எழுத்து ஓடப் பார்த்தது. "நட, நட" என்றேன். நின்ற இடத்திலேயே காலை எடுத்து வைத்தாள், எழுத்து திரும்பி வந்தது. அந்தப் பெண் இன்னொரு டீ குடித்துக்கொண்டு கட்டிலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. மாலைக் காட்சிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

தாள் உள்ளங்கை அளவுக்கு வந்ததும் சாக்குக்கட்டியை வாங்கிக்கொண்டு பேனாவைக் கொடுத்தேன். எல்லோரும் முன்னால் கடைக்கு வந்தோம்; அவள் துணி வெட்டும் மேசைமேல் அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். குனிந்து, மேசைக்கு அடியில் கால்கள் மெல்ல நடக்க, எழுதினாள். கடைசி எழுத்து கொஞ்சம் விளிம்புக்கு வெளியே போய்விட்டது. நிமிர்ந்து, மை காய வேண்டும் என்று அட்டையை மேசை விசிறியின் முன் பிடித்தாள்.

"சரியா இருக்கா அக்கா?"

"சரியா இருக்கு."

அந்தப் பெண் அட்டையை வாங்கி, பெயரை வாய்விட்டுப் படித்தாள். என் தங்கை இடது காதைத் திருப்பிக் கேட்டாள். பிறகு பேனாவை மூடி என்னிடம் கொடுத்தாள்.

மறுநாள் மடிப்பு மேசையில் அவள் சொல்வதற்குப் படம் எதுவும் இருக்கவில்லை. நான் சுவரில் இருந்த பெரிய தாளைக் கழற்றவில்லை. அதன் கீழ் மூலையில், அளவெழுதும் இடத்தில், என் கையால் தேதி மட்டும் குறித்து வைத்தேன்: 2024 நவம்பர் 8, வெள்ளிக்கிழமை.